300 விநாடி: கனடாவில் பொறி வைப்பவருக்குக் கொடுக்கும் சான்றிதழ் வெறும் காகிதமா?

பனிக்காடன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "உரோமத்துக்காகப் பொறி வைப்பவர்களுக்குக் கனடாவில் கொடுக்கும் சான்றிதழ் வெறும் காகிதம். விலங்கு 5 நிமிடம் துடித்துச் சாகலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது." படித்ததும் காலைக் காப்பி கசந்துவிட்டது. ஒன்ராறியோவில் உரிமம் வேண்டுமென்றால் முதலில் 40 மணி நேரப் பயிற்சி, பிறகு தேர்வு. சென்ற குளிர்காலத்தில் நானே முடித்தேன். 5 நிமிடம் என்பது உச்சவரம்பு. சராசரி அல்ல.

கத்தரித்தோட்டம்:
எழுதியவன் நான்தான். 'ஒருவர்' என்று முக்காடு போட வேண்டாம். பொறிகள் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தில் 300 விநாடி இருக்கிறதா, இல்லையா?

பனிக்காடன்:
இருக்கிறது. 1997இல் கனடா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் ஒத்துக்கொண்டது. கொல்லும் பொறியைக் குறைந்தது 12 விலங்குகளில் சோதிக்க வேண்டும். அவற்றில் 80 விழுக்காடு 300 விநாடிக்குள் உணர்விழக்க வேண்டும். மரநாய் போன்ற மார்ட்டனுக்கு 120 விநாடி, கீரி போன்ற சின்ன எர்மினுக்கு 45. தேறாத பொறிகளை 2007 முதல் படிப்படியாக விலக்கினார்கள். நீங்கள் 300ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

கத்தரித்தோட்டம்:
ஆக, இருக்கிறது. நன்றி ஐயா. மீதி 20 விழுக்காடு எப்படிச் சாகிறது என்றும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களா? எர்மினுக்கு 45 விநாடி போதும் என்றால் பீவருக்கு மட்டும் ஏன் 300? அது என்ன பாவம் செய்தது?

சுன்னாகத்தான்:
பாவம் நீர்நாய்.

பனிக்காடன்:
தம்பி, நீர்நாய் வேறு, பீவர் வேறு. நீர்நாய் மீன் தின்னும். பீவர் மரப்பட்டை தின்னும், அணை கட்டும். இதுகூடத் தெரியாமல் கருத்துச் சொல்ல வந்துவிடுகிறீர்கள்.

சுன்னாகத்தான்:
நான் இரக்கப்பட்டேன், அண்ணா. அதற்கும் 40 மணி நேரப் பயிற்சி வேண்டுமா?

சொல்லாய்வன்:
பீவருக்கு 'நீரெலி' என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. 'மனிதாபிமானப் பொறி' என்று போன வாரம் யாரோ எழுதியதும் பிழை. மனிதன் மேல் உள்ள அபிமானம்தான் மனிதாபிமானம். விலங்கைக் கொல்லும் பொறிக்கு அது எப்படிப் பொருந்தும்?

பனிக்காடன்:
சொல்லாராய்ச்சியை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். 330 என்ற பொறி. ஃபிராங்க் கானிபேர் என்ற பொறிவைப்பாளர் உருவாக்கிய வகை. பத்து அங்குலச் சதுரச் சட்டம், இரண்டு பக்கமும் வில். எங்கள் ஆசிரியர் அதற்குள் ஒரு விறகுக்கட்டையை நீட்டினார். அடித்த சத்தத்தில் பின்வரிசையில் இருந்தவர் நாற்காலியோடு நகர்ந்தார். கட்டையில் விழுந்த பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், நகம் முழுக்க உள்ளே போனது. கை மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கே அரை நாள். கயிற்று நுனியைச் சுருக்குப் போட்டுக் காலில் மாட்டி, மறுமுனையை வில்லின் வளையங்களில் கோத்து, மிதித்து இழுத்து, மீதி இருக்கும் ஒற்றைக் கையால் கொக்கியைப் போட வேண்டும். பிறகு பீவர் தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுரண்டி, பலகையில் முட்டை வடிவத்தில் ஆணியடித்து உலர்த்த வேண்டும். மூன்று நாள் என் கையில் அந்த வாடை போகவில்லை. இதுவா வெறும் காகிதம்?

கத்தரித்தோட்டம்:
உங்கள் கைக்கு விடுதலைக் கயிறு இருக்கிறது. பீவருக்கு 300 விநாடி இருக்கிறது. அருமையான பாடத்திட்டம்.

பனிக்காடன்:
உச்சவரம்பு ஐயா, உச்சவரம்பு! நெடுஞ்சாலையில் 100 என்று பலகை வைத்தால் எல்லோரும் 100இல்தான் போக வேண்டும் என்றா பொருள்?

கத்தரித்தோட்டம்:
ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையில் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். 100க்குக் கீழே போகிறவர் யார்?

ஸ்கார்பரோ மாமி:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. எங்கள் பின்வளவில் இரவில் ஓநாய் போன்ற கொயோட்டி வருகிறது. இந்த வகுப்பு எடுத்தால் நானே பொறி வைக்கலாமா?

பனிக்காடன்:
கூடாது அக்கா. உரிமம் இல்லாமல், இடமும் பருவமும் பார்க்காமல், பக்கத்து வீட்டு நாய் நடமாடும் இடத்தில் பொறி வைப்பதா? மாநகராட்சியைக் கூப்பிடுங்கள். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வகுப்பே.

கத்தரித்தோட்டம்:
கொயோட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. குளிர்ச்சட்டைத் தொப்பியில் கொயோட்டி உரோமம் வைத்து விற்ற கனடா கூஸ் நிறுவனமே அதை நிறுத்தப்போவதாக 2021இல் அறிவித்துவிட்டது. வியாபாரிக்கே வெட்கம் வந்துவிட்டது, உங்களுக்கு வரவில்லை.

பனிக்காடன்:
உங்கள் காலில் கிடப்பது என்ன செருப்பு? தோல்தானே? அந்த மாட்டுக்கு எத்தனை விநாடி என்று யாராவது எண்ணினார்களா? போன வருடம் மீன்பிடி உரிமம் பற்றிய இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள். 'தூண்டிலுக்குச் சீட்டு எதற்கு' என்று கேலி பேசிவிட்டு அபராதம் கட்டினீர்கள்.

கத்தரித்தோட்டம்:
அபராதம் கட்டியது என் மைத்துனர். நான் அல்ல. இதை மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட விஷயங்கள் வேண்டாம். பயிற்சியும் சான்றிதழும்தான் தலைப்பு.

பனிக்காடன்:
தலைப்பில்தான் நிற்கிறேன். சான்றிதழ் இரண்டு வகை. ஒன்று பொறிக்கு, இன்னொன்று அதை வைக்கும் ஆளுக்கு. இரண்டையும் குழப்பியவர் அவர். மறுபடியும் சொல்கிறேன், 300 என்பது...

கத்தரித்தோட்டம்:
5 நிமிடம்.

பனிக்காடன்:
உச்சவரம்பு.

சொல்லாய்வன்:
'நீரெலி' பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.