ரேம்ல பாதிய எஸ்எஸ்டிக்கு எழுதி வெச்சாச்சு

கதிர்: எல்லாரும் பாருங்க 👇 என் பழைய சாட்டா எஸ்எஸ்டி, ரீட் ஸ்பீடு 9,200 எம்பி!! நேத்து வரைக்கும் 540 தான் வந்துச்சு

வித்யா அக்கா: புதுசு வாங்கிட்டியா?

கதிர்: இல்லக்கா, ஒரு கேஷ் சாஃப்ட்வேர் போட்டேன், எஸ்எஸ்டில படிக்கிறத ரேம்லயும் வெச்சுக்கும். 16 ஜிபி ரேம்ல 8ஐ எஸ்எஸ்டிக்குக் குடுத்துட்டேன்

செந்தில் அண்ணா: கதிரு, சாட்டா கனெக்‌ஷன்லயே நொடிக்கு 600 எம்பிக்கு மேல போகாதுடா. 9,200 எந்த வழியா வந்துச்சு?

கதிர்: 😐

செந்தில் அண்ணா: நீ அளந்தது ரேமோட வேகம். டெஸ்ட் ஃபைல் என்ன சைஸ்?

கதிர்: 1 ஜிபி

செந்தில் அண்ணா: அது மொத்தமா அந்த 8 ஜிபிக்குள்ள உக்காந்துக்கும். 32 ஜிபி வெச்சு ஓட்டு

கதிர்: 537 😭

பெரியப்பா: என்னப்பா இது, நம்ம சட்டைப் பைலேருந்து எடுத்து நமக்கே கடன் குடுத்த கதையா இருக்கே

செந்தில் அண்ணா: அதேதான் பெரியப்பா. இன்னொண்ணு, இந்த வேலைய விண்டோஸ் ஏற்கெனவே செய்யுது. ஒரு பெரிய ஃபைல ஒரு தடவ படிச்சிட்டா சும்மா கெடக்கிற ரேம்ல வெச்சுக்கும். வேற புரோகிராம் கேட்டா உடனே விட்டுக்குடுத்துடும். லினக்ஸ்லயும் அப்படித்தான். கதிரு, டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல 'கேஷ்ட்'னு ஒரு நம்பர் இருக்கும், பாரு

கதிர்: 1.3 ஜிபி. முன்னாடி 7 கிட்ட இருந்த ஞாபகம்

செந்தில் அண்ணா: விண்டோஸ் கிட்ட இருந்து புடுங்கி சாஃப்ட்வேர் கிட்ட குடுத்திருக்க. அது லேசுல திருப்பித் தராது. பிரவுசர்ல நாலு டேப் கூட தொறந்தா ரேம் பத்தாம பேஜ் ஃபைலுக்குப் போகும், அதாவது ரேமுக்குப் பதிலா டிஸ்க்ல ஒதுக்கி வெச்ச இடம். அது எங்க இருக்கு? அதே எஸ்எஸ்டில

கதிர்: அதான் காலைலேருந்து திணறுதா!

வித்யா அக்கா: அதுல டிலேடு ரைட்னு ஒரு டிக் இருக்குமே, சேவ் பண்றத உடனே எஸ்எஸ்டில எழுதாம கொஞ்ச நேரம் ரேம்லயே வெச்சுக்கிறது, போட்டிருக்கியா?

கதிர்: ஆமா, ரைட் ஸ்பீடும் ஏறுச்சு

வித்யா அக்கா: எடுத்துரு. போன வருஷம் நானும் போட்டிருந்தேன். வீடியோ எடிட் பண்ணி சேவ் குடுத்தேன், சேவ் ஆயிடுச்சுன்னு காட்டுச்சு. அடுத்த நிமிஷம் கரண்ட் போச்சு. திரும்ப ஆன் பண்ணா ப்ராஜெக்ட் ஃபைல் 0 பைட். மூணு நாள் வேலை

கதிர்: என்னுது லேப்டாப்புக்கா, பேட்டரி இருக்கு

வித்யா அக்கா: விண்டோஸ் கிராஷ் ஆகி நீல ஸ்கிரீன் வந்தா பேட்டரி என்னடா பண்ணும்

செந்தில் அண்ணா: விண்டோஸும் கொஞ்ச நேரம் ரேம்ல வெச்சுத்தான் எழுதும், ஆனா சீக்கிரம் இறக்கிடும். லினக்ஸ்ல வழக்கமா 30 நொடி. நீ எவ்வளவு வெச்சிருக்க?

கதிர்: ...300 நொடி

வித்யா அக்கா: அடப்பாவி

பெரியப்பா: என் லேப்டாப்புல இருக்கிறது டிரேம் இல்லாத என்விஎம்இ எஸ்எஸ்டின்னு கடைக்காரர் சொன்னார். அதுவும் கம்ப்யூட்டர் ரேமத்தான் எடுத்துக்குமாம். எனக்கும் போயிடுமா?

செந்தில் அண்ணா: அது வேற பெரியப்பா. எந்த டேட்டா எந்த மூலைல இருக்குன்னு எஸ்எஸ்டி ஒரு கணக்கு வெச்சுக்கும். 1 டிபிக்கு அந்தக் கணக்கே சுமார் 1 ஜிபி வரும். நல்ல எஸ்எஸ்டில அதுக்குன்னே டிரேம்னு ஒரு ரேம் சிப் இருக்கும். இல்லாததுல அடிக்கடி தேடுற பக்கங்கள மட்டும் நம்ம ரேம்ல வெச்சுக்கும், பெரும்பாலும் சில பத்து எம்பிதான். ஹோஸ்ட் மெமரி பஃபர்னு பேரு, 2014ல வந்த என்விஎம்இ 1.2 ஸ்டாண்டர்டுலயே சேத்துட்டாங்க. கணக்கோட அசல் எஸ்எஸ்டிலயே இருக்கு, அதனால கரண்ட் போனாலும் அதுக்காக பயப்பட வேணாம்

பெரியப்பா: அப்ப நான் எதையும் தொட வேணாம்

செந்தில் அண்ணா: தொடாதீங்க

கதிர்: அப்ப இந்த சாஃப்ட்வேர் சுத்த வேஸ்டா?

செந்தில் அண்ணா: அப்படிச் சொல்ல மாட்டேன். 64 ஜிபி ரேம் சும்மா கெடந்து, டெம்ப் ஃபைலா எழுதி எழுதி அழிக்கிற வேலைன்னா உதவும். எஸ்எஸ்டில இறங்குறதுக்கு முன்னாடியே அழிஞ்சிடும், தேய்மானமும் மிச்சம். ஹார்ட் டிஸ்க்கா இருந்தா வித்தியாசம் இன்னும் நல்லாவே தெரியும். உன் 16க்கு வேணாம்

கதிர்: டிக் எடுத்துட்டேன். பாக்கி எழுதுதாம், 2.1 ஜிபி நிக்குது

வித்யா அக்கா: முடியிற வரைக்கும் ஆஃப் பண்ணிடாத!!

கதிர்: சரிக்கா. ஆனா அந்த 9,200 ஸ்கிரீன்ஷாட்ட காலைலயே ஸ்டேட்டஸ்ல போட்டுட்டேன்

வித்யா அக்கா: பாத்தேன். என் ஆபீஸ்ல ஒருத்தர் லிங்க் கேக்குறார் 🤦‍♀️