43 அங்குலத் தொலைக்காட்சி 19,999 ரூபாய்க்கு: வாங்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். விலை அட்டையில் 39,999 ரூபாய் என்பதை அடித்துவிட்டு 19,999 என்று எழுதியிருக்கும் 43 அங்குல 4கே தொலைக்காட்சி ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டதால், பழைய விலையோடு ஒப்பிட்டுக் காட்டும் தள்ளுபடியை நான் பொருட்படுத்தவில்லை. என் ஐயமெல்லாம் பேனலை, அதாவது படம் தெரியும் திரைப் பகுதியைப் பற்றியதுதான். ஒளிர்வு 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) மட்டுமே என்பதால், பெட்டியில் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வசதி) என்று அச்சிட்டிருந்தாலும் அதனால் பெரிய பயன் இராது. தவிர, கடையில் இருண்ட காட்சி ஓடியபோது திரையின் கீழ் ஓரம் வெளிறித் தெரிந்தது. எங்கள் கூடத்தில் சன்னல் மேற்கு நோக்கியிருக்கிறது. அம்மா பார்ப்பதோ மாலை வெயில் விழும் நேரத்தில். இத்தகைய தொலைக்காட்சியைப் பயன்படுத்துவோர், வெளிச்சத்தில் படம் தெளிவாக இருக்கிறதா, உத்தரவாதம் முடிந்தபின் பேனல் மாற்ற எவ்வளவு செலவானது என்பதை அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.