மகளுக்கு ஐஐடியா, நேரே அமெரிக்காவா?

சென்னிமலை தறிக்காரர் கேட்டது:

வணக்கமுங்க. சென்னிமலையில் போர்வைத் தறி ஓட்டுகிறோம். மகள் பதினொன்றாவது, திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇக்குப் பயிற்சியும் அங்கேயே. கணக்கில் கெட்டி. லீவுக்கு வந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. தறி மெக்கானிக் வந்தால் அவர் பக்கத்திலேயே நிற்பாள். போர்வையில் பூ வேலை போடும் எலக்ட்ரானிக் ஜக்கார்டில் எந்தக் கொக்கி எப்போது எழும்ப வேண்டும் என்று அந்த போர்டுக்கு எப்படித் தெரிகிறது என்று அவரைக் குடைந்துகொண்டே இருப்பாள்.

என் மச்சினன் நியூஜெர்சியில் இருக்கிறான். "ஜேஇஇ எல்லாம் எதுக்கு மச்சான், எஸ்ஏடின்னு இங்கத்து தேர்வை எழுத வையுங்க, எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டுன்னு நேரா அனுப்பலாம். ஐஐடி உலக ரேங்கில் நூறுக்குள்ளேயே வர்றதில்லை" என்கிறான். பள்ளியில் கேட்டால், "ஐஐடி கிடைக்காதவங்கதான் அமெரிக்கா போறாங்க" என்கிறார்கள். ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சோடு ஒட்டவே இல்லை.

காங்கயம் பக்கம் கொஞ்சம் மேட்டாங்காடு இருக்கிறது. அவசியம் என்றால் விற்கலாம். ஆனால் எதற்காக விற்கிறோம் என்று தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க.

ராசிபுரம் கணக்கு வாத்தியார்:

ஐயா, பள்ளியில் சொன்னது சரியில்லை. இரண்டு இடத்திலும் ஆள் எடுக்கும் முறையே வேறு.

இங்கே ஜேஇஇ மெயினைப் பத்து லட்சத்துக்கும் மேல் எழுதுகிறார்கள். அதில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குத்தான் அட்வான்ஸ்டு என்ற இரண்டாம் கட்டத் தேர்வு. ஒரே நாளில் மூன்று மணி நேரத் தாள் இரண்டு. கடைசியில் 23 ஐஐடிகளிலும் சேர்த்து சுமார் 18 ஆயிரம் இடம். பெண் பிள்ளைகளுக்கென்று 2018 முதல் கூடுதல் இடங்கள் ஒதுக்குகிறார்கள், அதை மறந்துவிட வேண்டாம்.

எம்ஐடியில் எஸ்ஏடி கட்டாயம்தான், ஆனால் அது வெறும் நுழைவாசல். கட்டுரை, ஆசிரியர்களின் கடிதம், பள்ளிக்கு வெளியே பிள்ளை தானாகச் செய்த வேலை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இளநிலை வகுப்பில் வெளிநாட்டவர் பத்தில் ஒரு பங்கு போலத்தான். உலகம் முழுக்க இருந்து அந்த இடங்களுக்கு வருகிறார்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தயார் செய்தால் பிள்ளையைப் பிழிந்துவிடும். நான் பார்த்த வரை பன்னிரண்டாம் வகுப்பில் அது நல்லதில்லை.

கோபிக்காரன்:

அண்ணா, நான் இரண்டு பக்கமும் படித்தவன். ஒரு ஐஐடியில் உலோகவியல் பி.டெக். அப்புறம் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. இப்போது கோயம்புத்தூரில் பம்புகளுக்கு வார்ப்படம் ஊற்றும் ஃபவுண்டரியில் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் அந்த ரேங்க். உங்கள் மச்சினன் சொன்ன எண் உண்மைதான். 2025-க்கான கியூஎஸ் என்ற உலகத் தரவரிசைப் பட்டியலில் எம்ஐடி முதலிடம், ஐஐடி பம்பாய் 118. ஆனால் அந்தப் பட்டியலில் ஆராய்ச்சிக் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், வெளிநாட்டு ஆசிரியர்கள் எத்தனை பேர், வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர் என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. நம் ஐஐடி வகுப்பில் வெளிநாட்டுப் பிள்ளைகள் மிகக் குறைவு. அதற்கும், உங்கள் பெண்ணுக்கு இரண்டாம் வருஷம் யார் எப்படிப் பாடம் நடத்துவார் என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

பாடம் என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் கிடையாது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம். எம்ஐடி தன் பாடங்களை ஓப்பன்கோர்ஸ்வேர் என்று இலவசமாகப் போட்டிருக்கிறது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து அதே மாதிரி என்பிடெல் என்று நடத்துகின்றன. இரண்டிலும் தெர்மோடைனமிக்ஸ் முதல் வகுப்பை மகளைப் பார்க்கச் சொல்லுங்க. அதே விதிகள், அதே கணக்கு. கொஞ்சம் யோசித்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. 1946-ல் நளினி ரஞ்சன் சர்க்கார் குழு இப்படிப்பட்ட கல்லூரிகள் வேண்டும் என்று சொன்னபோதே எம்ஐடியைத்தான் முன்மாதிரியாக வைத்தது. 1951-ல் முதல் ஐஐடி கரக்பூரில் வந்தது. கான்பூரை 1962 முதல் பத்து வருஷம் ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட நின்று வளர்த்தன. எம்ஐடி, பிரின்ஸ்டன், கால்டெக், பெர்க்லி எல்லாம் அதில் உண்டு. சென்னைக்கு ஜெர்மனி உதவியது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? நான் அனுபவித்து அறிந்தது இரண்டு.

ஒன்று, கிளை. இங்கே பதினேழு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிய தேர்வு, நீங்கள் கணினி படிப்பீர்களா சிவில் படிப்பீர்களா என்று முடிவு செய்துவிடுகிறது. எனக்கு உலோகவியல் கிடைத்தது, அதில் எனக்கு ஆசை வந்துவிட்டது, அது என் நல்ல நேரம். என் விடுதியில் பக்கத்து அறைப் பையன் நாலு வருஷமும் தன் துறைப் புத்தகத்தை வெறுப்போடு திறந்து வெறுப்போடு மூடினான். நல்ல மூளை. இன்னமும் நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. முதலாண்டு முடிந்ததும் நல்ல மதிப்பெண் இருந்தால் கிளை மாறலாம் என்று ஒரு வழி இருந்தது, சில ஐஐடிகளில் அதையும் நிறுத்திவிட்டார்கள். எம்ஐடியில் யாருமே துறையோடு சேர்வதில்லை. இயற்பியல், கணக்கு, வேதியியல், உயிரியல் எல்லோருக்கும் பொது. முதலாண்டு முடிவில் தனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம், ரேங்க் யாரும் கேட்பதில்லை. அமெரிக்கா முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பெர்க்லியில் பொறியியலுக்கு விண்ணப்பிக்கும்போதே துறையைச் சொல்ல வேண்டும், பிறகு மாறுவது கடினம்.

இரண்டாவது, ஆய்வுக்கூடம். நான் பி.டெக். படித்தபோது, உலோகத்தை உடையும்வரை இழுத்துப் பார்க்கும் இழுவிசை இயந்திரத்தில் மாதிரித் துண்டை உதவியாளர் மாட்டுவார், நாங்கள் சுற்றி நின்று நோட்டில் எண் எழுதுவோம். அமெரிக்காவில் பிஎச்.டி. சேர்ந்த முதல் பருவத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டாமாண்டு இளநிலைப் பெண் ஒருத்தி வந்தாள். பேராசிரியர் அவளிடமே அந்த இயந்திரத்தை ஒப்படைத்தார். முதல் வாரம் துண்டுகள் எல்லாம் பிடிக்கும் இடத்திலேயே உடைந்தன. யாரும் அவளைத் திட்டவில்லை. ஏன் அங்கே உடைகிறது என்று அவளே கண்டுபிடிக்கும்வரை விட்டார்கள். பருவம் முடிவதற்குள் என் ஆய்வுக்கு வேண்டிய பாதி அளவீடுகள் அவள் கையால் வந்தவை. எம்ஐடியில் இதற்கென்றே 1969 முதல் ஒரு திட்டம் இருக்கிறது, இளநிலை மாணவர்கள் பேராசிரியரின் ஆராய்ச்சியில் சேர்ந்து சம்பளமோ மதிப்பெண்ணோ வாங்கலாம். உங்கள் மகள் ஜக்கார்டு போர்டைப் பற்றிக் கேட்கிறாள் என்று படித்ததும் எனக்கு அந்தப் பெண் ஞாபகம்தான் வந்தது.

இங்கேயும் நிலைமை மாறி வருகிறது. சென்னை ஐஐடியில் 2008 முதல் மாணவர்களே நடத்தும் புத்தாக்க மையம் இருக்கிறது. அதே ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினோடு 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது. தேடிப் போகிற பிள்ளைக்கு இங்கேயும் கதவு திறக்கும். அமெரிக்காவில் தேடாத பிள்ளையைக்கூட உள்ளே இழுத்துவிடுவார்கள்.

அப்புறம் பணம். எம்ஐடி மாதிரி தனியார் இடத்தில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 85,000 டாலருக்கு மேல். நாலு வருஷத்துக்கு மூன்று கோடி ரூபாய் போல ஆகும். ஆனால் எம்ஐடி, ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் போன்ற சில இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வீட்டு வருமானத்தைப் பார்த்துச் சேர்க்கையை மறுக்க மாட்டார்கள், சேர்த்த பிறகு குடும்பத்தால் முடியாத தொகையை அவர்களே ஏற்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் வெளிநாட்டவர் பண உதவி கேட்டால் அதுவும் சேர்க்கையில் கணக்கில் வரும். பெர்க்லி போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு உதவி அநேகமாக இல்லை. ஐஐடியில் கல்விக் கட்டணம் வருஷத்துக்கு 2 லட்சம். குடும்ப வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, 1 லட்சத்துக்குக் கீழே என்றால் முழுசும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முழு உதவி தரும் அந்தச் சில இடங்களில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்க. அதற்குக் கீழே உள்ள அமெரிக்கக் கல்லூரிக்காக மேட்டாங்காட்டை விற்க வேண்டாம். பி.டெக். இங்கே படிக்கட்டும். ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் பிஎச்.டி.க்கு அங்கே போகட்டும். அங்கே பொறியியல் பிஎச்.டி.க்குப் பொதுவாகக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, மாதாமாதம் அவர்களே பணம் தருவார்கள். நான் அப்படித்தான் போனேன், என் அப்பா விமான டிக்கெட்டுக்கு மட்டும்தான் பணம் கொடுத்தார்.

பொள்ளாச்சி அக்கா:

கோபித் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எம்.எஸ். வேறு, பிஎச்.டி. வேறு. எம்.எஸ். பெரும்பாலும் கைக்காசில்தான். என் அக்கா பையன் கடன் வாங்கிப் போனான். படிப்பு முடிந்ததும் பொறியியல் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் வரை வேலை பார்க்க அனுமதி உண்டு, அதன்பிறகு எச்-1பி என்ற வேலை விசாவுக்குக் குலுக்கல். வருஷத்துக்கு 85,000 பேருக்குத்தான். கடனையும் கட்டிக்கொண்டு குலுக்கல் முடிவுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவன் அம்மாவைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்று. ஐஐடி, எம்ஐடி என்று இரண்டை மட்டும் வைத்துப் பேசுகிறோம். சந்திரயான் 1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர். பி.இ. படித்தது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜிசிடியில், எம்.இ. கோவை பிஎஸ்ஜி கல்லூரியில். அவினாசி சாலையில் ஹோப் காலேஜ் என்று பஸ் நிற்கிறதே, அந்தப் பெயர் 1945-ல் அங்கே தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியால் வந்தது. அதுதான் தடாகம் சாலைக்குப் போய் ஜிசிடி ஆனது. இன்றைக்கு நம் செல்போனிலும் வைஃபையிலும் பல ஆன்டெனாக்கள் சேர்ந்து வேலை செய்கிறதே, அந்த மைமோ நுட்பத்தைக் கண்டுபிடித்த ஆரோக்கியசாமி பால்ராஜும் பொள்ளாச்சியில் பிறந்தவர்தான். கடற்படையில் சேர்ந்து, ஐஐடி டெல்லியில் பிஎச்.டி. முடித்து, பிறகு ஸ்டான்ஃபோர்டு போனவர். 2014-ல் மார்கோனி பரிசு வாங்கினார். பதினெட்டு வயதில் ஐஐடி கிடைக்கவில்லை என்றால் எல்லாம் போயிற்று என்று மட்டும் வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

சென்னிமலை தறிக்காரர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. காட்டை விற்கும் பேச்சை இன்றோடு விட்டுவிட்டோம். ஒரே ஒரு கேள்வி. சுமாரான ரேங்க் வந்து, பெரிய ஐஐடியில் பிடிக்காத கிளையும், பாலக்காடு மாதிரி புது ஐஐடியில் மெக்கானிக்கலும் கிடைத்தால் எதை எடுப்பது? பள்ளியில் பெரிய ஐஐடிதான் முக்கியம் என்கிறார்கள்.

கோபிக்காரன்:

பாலக்காட்டில் மெக்கானிக்கல், அண்ணா. யோசிக்கவே வேண்டாம். 2015-ல் தொடங்கியது, வாளையாறு தாண்டினால் வந்துவிடும், சனி ஞாயிறு வீட்டுக்கு வந்து போகலாம். பழைய ஐஐடி என்றால் முன்னாள் மாணவர் கூட்டம் பெரிது, கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளும் அதிகம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிடிக்காத கிளையில் நாலு வருஷம் உட்காரும் பிள்ளைக்கு அதெல்லாம் உதவுவதை நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லிப் பாருங்க. ஐஐடி டெல்லியில் டெக்ஸ்டைல் பி.டெக். இருக்கிறது. கணினிக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பாததால் ரேங்க் கொஞ்சம் பின்னால் இருந்தாலும் கிடைக்க வழி உண்டு. தறிக்கூடத்தில் வளர்ந்த பிள்ளை, பாவும் ஊடையும் பார்த்தே தெரிந்தவள், அங்கே முதல் நாளிலிருந்தே மற்றவர்களைவிட முன்னால் நிற்பாள். பிஎஸ்ஜியிலும் டெக்ஸ்டைல் உண்டு. அமெரிக்காவில் இதற்குப் பெயர் போன இடம் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். மேலே படிக்க அங்கே போகலாம்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது, கிடைக்குமா கிடைக்காதா என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்ற வேண்டாம். உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதையே முதலில் எழுதச் சொல்லுங்க. ரேங்குக்கு எட்டுகிறவற்றில் பட்டியலில் மேலே இருப்பதைத்தான் கொடுப்பார்கள். ஆசைப்பட்டதை மேலே போடுவதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. அந்த நேரத்தில் பட்டியலை இங்கே போடுங்க, நானும் வாத்தியாரும் பார்த்துச் சொல்கிறோம்.