அப்பாவின் சிபிலில் ஏறிய என் தவணை

கல்விக்கடன் என் பெயரில்தானே இருக்கிறது என்றுதான் ஐந்து வருடமாக நினைத்திருந்தேன். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு முக்கால் ஏக்கர் மல்லி. ஒன்றரை வருடத்துக்கு முன்பு கிணற்று மோட்டாருக்குக் கடன் கேட்டு அவரோடு வங்கிக்குப் போனேன். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர். மேலாளர் அதைக் காட்டும் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "ஐயா, உங்க சிபில் 611தான் காட்டுது. தம்பியோட கல்விக்கடன்ல மூணு தவணை நிக்குது."

மாட்டுத்தாவணி பூக்கடையில் வாங்கும் முன்பணத்தைக்கூட சொன்ன தேதிக்குள் கழித்துவிடுகிற மனிதர் அவர். ஒன்றும் பேசாமல் பாஸ்புக்கை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் எனக்குத் தவணை கிடையாது. அந்தக் கெடு முடிந்ததே தெரியவில்லை. வங்கியின் குறுஞ்செய்தி எல்லாம் நான் கல்லூரியில் வைத்திருந்த பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. அப்பா போட்டது சாட்சிக் கையெழுத்து என்று நினைத்திருந்தோம். அவரும் கடன்தாரர்தான். அதனால் என் தாமதம் இரண்டு பேர் சிபில் அறிக்கையிலும் ஏறிவிட்டது.

சீட்டுப் பணத்தை எடுத்து அந்த வாரமே பாக்கியைக் கட்டினேன். ஆனால் மாதவாரி விவரம் மூன்று வருடம் அறிக்கையில் நிற்கும். அப்புறம் என் ஸ்கோரை ஏற்ற, வங்கியில் 15,000 ரூபாய் எஃப்டி (நிலையான வைப்பு) போட்டு, அதன்மேல் கிரெடிட் கார்டு வாங்கினேன். சம்பளச் சான்று கேட்கவில்லை. படிக்கிற பிள்ளைகளுக்கு இதுதான் நல்ல வழி என்பேன். வண்டிக்குப் பெட்ரோல் மட்டும் அதில் போடுகிறேன். லிமிட்டில் கால்வாசியைத் தாண்டுவதில்லை. பில் வந்ததும் முழுசாகக் கட்டிவிடுவேன், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் மினிமம் டியூ பக்கமே போவதில்லை. 14 மாதத்தில் எனக்கு 734, அப்பாவுக்கு 690. மோட்டார் இன்னும் வாங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மணிக்கணக்குப் போட்டுத் தண்ணீர் வாங்குகிறோம்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர், பி.காம் மூன்றாம் வருடம்:

அண்ணா, இதைப் படித்ததும் என் அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கை இலவசம்; நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. ஹெட்போன் வாங்கும்போது 'பிறகு கட்டலாம்' என்று அழுத்திய 640 ரூபாய், கடனாக நிற்கிறது. எப்போதோ கட்டி முடித்ததை இன்னும் பாக்கி என்று காட்டுகிறது. ரசீதோடு புகார் போட்டுவிட்டேன். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் எனக்கு நஷ்டஈடாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. என் கல்விக்கடனிலும் அம்மா கையெழுத்து இருக்கிறது. திங்கட்கிழமை வங்கிக்குப் போய் அதில் எந்த நம்பர் கொடுத்திருக்கிறோம் என்று பார்க்கப்போகிறேன்.