எங்கள் குடும்பம் குழு: பெரியப்பா அனுப்பிய வரைபடம்

பெரியப்பா: [படம்] உளுந்து விதைக்கலாமா என்று பார்த்தால் கோவில்பட்டிப் பக்கம் முழுக்க நீலமாகக் காட்டுகிறது. ஈரமாம்! எங்கள் காட்டில் வெடிப்புக்குள் கை போகிறது.

சித்தி: யாரோ கலர் மாற்றி அடித்திருப்பார்கள் 😄

அக்கா: அது நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் தருகிற கணக்கு, பெரியப்பா. மண் தானாக வெளிவிடும் நுண்ணலையை 685 கி.மீ. உயரத்திலிருந்து அளக்கிறது. மேல் 5 செ.மீ. ஈரம்தான் அதற்குத் தெரியும்.

பெரியப்பா: விதை விழுவதே அந்த ஆழத்தில்தானே?

அக்கா: ஆழம் சரி, அகலம்தான் இடிக்கிறது. படத்தில் ஒரு கட்டம் 9 கி.மீ. அதுவும் கணக்குப் போட்டு நுணுக்கியது. கருவி ஒரே பார்வையில் பார்ப்பது சுமார் 40 கி.மீ. நுணுக்கத்துக்காக வைத்த ரேடார், 2015 ஜனவரியில் மேலே போய் ஜூலையிலேயே பழுதாகிவிட்டது.

நான்: 2025 ஜூலையில் போன நாசா-இஸ்ரோ செயற்கைக்கோள் நிசாரில் ரேடார் இருக்கிறதே?

அக்கா: இருக்கிறது. ஆனால் அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள் ஆகும்.

பெரியப்பா: 9 கி.மீ. என்றால் நம் கண்மாயும் அதற்குள் வந்துவிடுமே?

அக்கா: 👏 வரும். தண்ணீர்ப் பரப்பும் ஈர மண் மாதிரியே அலையைக் குறைத்துக் காட்டும். நிரந்தர நீர்ப்பரப்பைக் கழித்துவிடுவார்கள். நிரம்பி வற்றுகிற கண்மாய் அதில் சரியாக அடங்காது.

மாமா: அப்புறம் எதை வைத்து நம்புகிறார்கள்?

அக்கா: அரிசோனாவில் வால்நட் கல்ச், ஓக்லஹோமாவில் லிட்டில் வாஷிட்டா, ஆஸ்திரேலியாவில் யாங்கோ. இங்கெல்லாம் பல இடங்களில் கருவி புதைத்து, சராசரி எடுத்து ஒப்பிடுகிறார்கள். ஒரு கன மீட்டர் மண்ணுக்கு 0.04 கன மீட்டர் தண்ணீர், அதற்குள் பிழை அடங்க வேண்டும். எப்போதும் கூட்டியோ குறைத்தோ காட்டுகிற அளவைக் கழித்த பிறகு.

மாமா: கழித்த பிறகா! என் கடைத் தராசு எப்போதும் 50 கிராம் கூட்டிக் காட்டினால் அபராதம் அல்லவா போடுவார்கள்?

அக்கா: அந்தத் தராசிலும் நேற்றைக்கு இன்று எவ்வளவு குறைந்தது என்பது சரியாக வரும் மாமா. பெரியப்பா, நீலமா இல்லையா என்பதை விடுங்கள். மழைக்குப் பிறகு நீலம் எத்தனை நாளில் வெளுக்கிறது என்று பாருங்கள், அது உதவும்.

பெரியப்பா: எங்கள் காட்டு ஈரத்தை எண்ணாகச் சொல்ல வழி இருக்கிறதா?

அக்கா: 5 செ.மீ. உயரம், 5 செ.மீ. விட்டத்தில் இரும்பு வளையம். மண்ணில் அழுத்தி, அலுங்காமல் எடுத்து உடனே எடை போடுங்கள். 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை. வளையத்துக்குள் இருப்பது ஏறக்குறைய 100 கன செ.மீ. மண், 20 கிராம் குறைந்தால் 20 கன செ.மீ. தண்ணீர், அதாவது ஏறக்குறைய 0.20. குத்தி வைக்கிற கருவி வேண்டாம். வெடித்த கரிசலில் அது காற்றையும் சேர்த்து அளக்கும்.

சித்தி: என் கேக் ஓவன் பக்கம் யாரும் வரக்கூடாது. இப்போதே சொல்லிவிட்டேன்.

பெரியப்பா: 😂 கல்லூரி ஆய்வகத்தில் கேட்டுப் பார்க்கிறேன். எத்தனை மணிக்கு எடுக்க?

அக்கா: காலை 6 மணியை ஒட்டி. செயற்கைக்கோள் கடப்பதும் அப்போதுதான். மண்ணும் செடியும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். 2, 3 நாளுக்கு ஒரு முறை வரும், தேதி பார்த்து அனுப்புகிறேன். ஒரு இடம் போதாது. மாமா காட்டில் ஒன்று, கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒன்று.

மாமா: பட்டறையில் வளையம் மூன்றாகச் சொல்லிவிடுங்கள்.

பெரியப்பா: சொல்கிறேன். ஆனால் ஒரு உழவு மழை விழுந்தால் தேதிக்கெல்லாம் காத்திருக்க மாட்டேன், விதைத்துவிடுவேன்.

அக்கா: தாராளமாக. மறுநாள் மண் எடுக்க மட்டும் மறக்காதீர்கள்.