சர்வர்ல விம் எடிட்டர் திடீர்னு உறைஞ்சு நின்னுடுது, லேப்டாப்ல ஒண்ணும் ஆகல, யாராவது உதவுங்க

அரைத்தூக்கம்:
நாலு வருஷமா விஎஸ் கோட் எடிட்டர்லயே குடியிருந்துட்டு ரெண்டு மாசம் முன்னாடிதான் விம்மோட புது வடிவமான நியோவிம்முக்கு வந்தேன், லேப்டாப்ல பிரமாதமா போகுது. ஆனா எஸ்எஸ்எச்ல (தூரத்து மெஷினுக்குள்ள நுழையற வழி) சர்வருக்குள்ள போனா அங்க இருக்கறது பழைய விம் 8, கான்ஃபிக் ஃபைலைத் திருத்திட்டே இருக்கும்போது ஸ்கிரீன் அப்படியே நின்னுடுது. எஸ்கேப் தட்டினாலும் அசையல. நெட்டுதான் போச்சோன்னு பாத்தா இன்னொரு டேப்ல அதே சர்வர் ஜம்முனு ஓடுது. விண்டோவை மூடிட்டு திரும்ப வந்தா ஸ்வாப் ஃபைல் (சேவ் பண்ணாததை விம் தற்காலிகமா எழுதி வெக்கறது) இருக்குன்னு ஒரு பக்கத்துக்கு மிரட்டல் வேற.

கருப்புத்திரை:
தப்பா எடுத்துக்காதீங்க, நிக்கறதுக்கு முன்னாடி விஎஸ் கோட்ல சேவ் பண்ற பழக்கத்துல கண்ட்ரோல் எஸ் அமுக்கறீங்களா? அடுத்த தடவை மூடாம கண்ட்ரோல் க்யூ அமுக்கிப் பாருங்க.

அரைத்தூக்கம்:
அடப்பாவி, அதேதான்!! உயிர் வந்துடுச்சு. ஆனா நின்னப்போ கடுப்புல கண்டதையும் தட்டினேன், இப்ப ஆறு வரி காணோம்??

கருப்புத்திரை:
வரி எல்லாம் வர்ற வரைக்கும் யூ (அன்டூ) தட்டுங்க, வந்துடும். விம் உறையவே இல்லைங்க, டெர்மினல்தான் (கட்டளை தட்டற விண்டோ) திரைக்கு எழுதறதை நிறுத்தி வெச்சிருந்தது. டெலிடைப் (காகிதத்துல அடிக்கற பழைய டெர்மினல்) காலத்துப் பழக்கம், கண்ட்ரோல் எஸ்னா நிறுத்து, கண்ட்ரோல் க்யூன்னா விடு. நீங்க தட்டினது எல்லாம் வரிசைல காத்திருந்து மொத்தமா ஓடியிருக்கு, அதுல ஆறு டிடி (ஒரு வரியை அழிக்கற கட்டளை) இருந்தா ஆறு வரி போயிடும். நியோவிம் உள்ள வரும்போதே இந்த ஏற்பாட்டை அணைச்சுடும், அதனாலதான் லேப்டாப்ல தெரியல.

சர்வர்ல பேஷ்ஆர்சில (கட்டளை வாங்கற ஷெல் தொடங்கும்போது படிக்கற ஃபைல்), டெர்மினல் அமைப்பை மாத்தற எஸ்டிடிஒய் கட்டளைக்கு மைனஸ் ஐஎக்ஸ்ஆன் (இந்த ஏற்பாட்டை அணைக்கறது) கொடுத்து ஒரு வரி போடுங்க. இன்டராக்டிவ் ஷெல்லான்னு (ஆள் நேரா தட்டறதான்னு) பாக்கற இஃப் உள்ள போடணும், வெளிய போட்டா ஃபைலை நகலெடுக்கற எஸ்சிபி மாதிரி டெர்மினல் இல்லாம ஓடறப்போ அந்த வரி எரர் கக்கும்.

சும்மாஒருத்தன்:
சர்வர்ல ரெண்டு வரி மாத்தறதுக்கு நானோ எடிட்டர் போதாதா, கீழயே முக்கியமான ஷார்ட்கட் எல்லாம் எழுதி வெச்சிருக்கான்.

கருப்புத்திரை:
போதும்தான், ஆனா அவர் கை இப்பதான் ஜே, கேக்கு (விம்ல கீழ, மேல நகர்றது) பழகுது, கெடுக்காதீங்க 😄 எந்த எடிட்டர் நல்லதுங்கறதை விட கை எதுக்கு ஓடுதுங்கறதுதான் எனக்கு எப்பவும் பிரச்சனை, நான் இன்னைக்கும் பிரவுசர்ல டைப் பண்ணிட்டு விம் பழக்கத்துல எஸ்கேப் தட்டறேன். அரைத்தூக்கம், அந்த ஸ்வாப்பை அழிச்சிடாதீங்க. 200 எழுத்து தட்டினாலோ 4 செகண்ட் சும்மா இருந்தாலோ விம் அதுல எழுதி வெச்சிருக்கும். அந்த மிரட்டல் வரும்போது ஆர் கொடுத்து மீட்டு, வேற பேர்ல சேவ் பண்ணி ஒப்பிட்டுப் பாருங்க, அப்புறம் அழிக்கலாம்.

அரைத்தூக்கம்:
நேத்து தொலைச்சதும் ஸ்வாப்ல இருந்துச்சு, நன்றிங்க! பேஷ்ஆர்சி வரியும் போட்டாச்சு, விம்மோட அமைப்பு ஃபைலான விம்ஆர்சில கண்ட்ரோல் எஸ்ஸை சேவுக்கே மேப் பண்ணிட்டேன், விம்காரங்க திட்டினா திட்டட்டும்.