பழைய மினி பந்தயக் காரை மட்டக்களப்பிலிருந்து நுவரெலியாவுக்கு இழுத்துச் செல்ல எந்த வாகனம் பொருத்தம்?

கல்லடி மினி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனது பெரியப்பா கொழும்பில் வேலை செய்த காலத்தில் வாங்கிப் பந்தயத்துக்காக மாற்றியமைத்த 1275 சீசீ மோறிஸ் மினி கார் ஒன்று இப்போது கல்லடியில் எங்கள் வீட்டில் இருக்கிறது. எஞ்சின், கியர்பெட்டி வேலைகள் முடிந்துவிட்டன. 1934 ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் நடைபெறும் ஏப்ரல் பருவத்தில், அந்தக் காரை மீண்டும் ஒருமுறை நுவரெலியாவில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டதால் இதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

காரில் சாரதி இருக்கை மட்டுமே உண்டு; சைலன்சர் இல்லை; வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்கப்படவில்லை. எனவே அதை வீதியில் ஓட்டிச் செல்ல முடியாது. எங்களிடம் 1990களின் ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று உள்ளது. அது 2.8 லீட்டர், டர்போ இல்லாத டீசல் எஞ்சின். இதில் ட்ரெயிலர் பூட்டி இழுத்தால் போதுமா, அல்லது இதை விற்றுவிட்டு டர்போ எஞ்சின் உள்ள கெப் ஒன்றோ பிராடோ ஒன்றோ வாங்க வேண்டுமா என்பதே எனது கேள்வி. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு ஏறிய விலை, 2025 இல் அது மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னரும் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கவில்லை. ஆகவே யோசித்துத்தான் செலவழிக்க வேண்டியிருக்கிறது. செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை வழியாக ஏ5 வீதியிலேயே போக நினைத்திருக்கிறோம்.

செங்கலடி கராஜ் எழுதியது:

தம்பி, ஏறுவதை மட்டும் யோசித்து வாகனம் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஏற்றத்தில் எஞ்சின் தளர்ந்தால் முதலாம் கியரில் ஊர்ந்தாவது போய்ச் சேரலாம், அல்லது ஓரமாக நிறுத்தலாம். திரும்பி வரும்போது ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கும், பிறகு லுணுகலையிலிருந்து பிபிலைக்கும் இறங்குகையில் பிரேக் தளர்ந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே எந்த வாகனம் பாரத்தை இழுக்கும் என்பதற்கு முன்னர், எந்த வாகனம் அந்தப் பாரத்தை இறக்கத்தில் பிடித்து வைத்திருக்கும் என்று கேளுங்கள்.

மினி 650 கிலோ அளவில் இருக்கும். அதைத் தாங்கக்கூடிய ட்ரெயிலர் 400 கிலோவுக்குக் குறையாது. மேலதிக ரயர்கள், ஜக், கருவிகள் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 1,200 கிலோவுக்குக் கிட்ட வரும். அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் விற்கப்படும் புதிய ஹைலக்ஸ்களுக்கு, பிரேக் உள்ள ட்ரெயிலரென்றால் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று சொல்லும் டொயோட்டா, பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு 750 கிலோவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் வெல்டிங் கடைகளில் செய்து தரப்படும் ட்ரெயிலர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் கிடையாது. பழைய வானின் பின் அக்சலைப் பூட்டி, மேலே தகடு அடித்து முடித்துவிடுவார்கள். வயலுக்கு உரமூட்டை கொண்டுபோக அது போதும். மலைக்கு அது போதாது.

உங்கள் ஹைலக்ஸை விற்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. அதனுடைய செசி உறுதியானது. இழுவைக் கொக்கியைச் செசியிலேயே போல்ற் போட்டுப் பூட்டலாம். பம்பரில் பூட்டித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். வாகனம் வேகம் குறையும்போது ட்ரெயிலர் முன்னோக்கித் தள்ளுமல்லவா, அந்தத் தள்ளும் விசையாலேயே தன் பிரேக்கை இயக்கிக்கொள்ளும் கப்ளிங் ஒன்றைத் தேடிப் பூட்டுங்கள். பழைய பிரேக் ஒயிலை முழுவதுமாக வடித்துவிட்டு டொட் 4 ஊற்றுங்கள். புதிய டொட் 4 ஒயில் கொதிக்க 230 பாகை தேவை. ஈரம் உறிஞ்சிய பின்னர் அது 155 பாகை வரை இறங்கிவிடக்கூடும். கல்லடியின் கடற்காற்றில் நிற்கும் வாகனத்தில் இதை நான் சாதாரணமாக விடமாட்டேன்.

ஒலுவில் பொறியியலாளர் எழுதியது:

மேலேயுள்ள கருத்துடன் நான் உடன்படுகிறேன். ஆனால் அந்த எஞ்சினைக் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஹைலக்ஸ், அதில் பயணம் செய்பவர்கள், ட்ரெயிலர், கார் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதற்குச் சில்லுகளில் 37 அல்லது 38 கிலோவாற் வலு தேவைப்படும். உங்கள் எஞ்சின் புதிதாக இருந்தபோது ஏறத்தாழ 65 கிலோவாற் தந்திருக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி மட்டக்களப்பில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவு வலுவை இழந்தே தீரும். கியர்பெட்டியிலும் அக்சலிலும் போகும் இழப்பையும் கழித்தால் சில்லுக்கு வருவது 45 கிலோவாற்றை ஒட்டியே இருக்கும். அதுவும் எஞ்சினை அதன் உச்சச் சுழற்சியில் வைத்திருந்தால்தான். எனவே வாகனம் ஏறும். ஆனால் கையிருப்பாக எதுவும் மிஞ்சாது. ஹக்கலைக்கு மேல் இரண்டாம் கியரில் நீண்ட நேரம் போக நேரிடும் என்பதால் ரேடியேற்றரையும் விசிறிக் கிளச்சையும் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தைப் பற்றிய கணக்கு இன்னும் முக்கியமானது. 3,000 கிலோ பாரம் ஒவ்வொரு 100 மீற்றர் உயரம் இறங்கும்போதும் ஏறத்தாழ 2.9 மெகாஜூல் சக்தியை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். ஒரு லீட்டருக்கும் சற்று அதிகமான நீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்குவதற்கு அவ்வளவு சக்தி போதும். அதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் எடுத்துக்கொள்ளும். மிகுதி முழுவதும் பிரேக் தட்டுகளுக்கும் டிரம்களுக்குமே போகும். ஆகவே கைக்கியர் உள்ள வாகனத்தையே நான் விரும்புவேன். ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சின் தன் பங்கைச் செய்யும். டர்போ எஞ்சின் ஏற்றத்தில் பெரிய உதவி என்பது உண்மைதான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வரும் ஏற்றம் ஒன்றுக்காகப் பல இலட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

ட்ரெயிலரின் முன்பாரத்தையும் மறந்துவிட வேண்டாம். மினியின் எஞ்சின் முன்னால் இருப்பதால், காரை முன்பக்கம் நோக்கி ஏற்றி, கொக்கியின் மீது 80 முதல் 100 கிலோ வரை பாரம் விழும்படி முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துங்கள். பின்பாரம் கூடிய ட்ரெயிலர் இறக்கத்தில் ஆடத் தொடங்கினால் அதை அடக்குவது மிகவும் கடினம்.

அக்கரைப்பற்று லொறி எழுதியது:

தம்பிக்கு எனது சலாம். ட்ரெயிலரே வேண்டாம் என்பது எனது கருத்து.

மினியின் நீளம் 3.05 மீற்றர், அகலம் 1.41 மீற்றர். எங்கள் பகுதியில் நெல்லும் சீமெந்தும் ஏற்றும் பதினாலரை அடி லொறியின் தட்டில் அந்தக் கார் ஏறி நின்ற பிறகும் நான்கு அடிக்கு மேல் இடம் மிஞ்சும். ரயர், பெற்றோல் கலன், கருவிப்பெட்டி எல்லாம் அங்கே வைக்கலாம். இசுசு எல்ப், மிட்சுபிஷி கன்ரர் போன்ற லொறிகள் இரண்டாயிரம் மூவாயிரம் கிலோ சுமப்பதற்கென்றே செய்யப்பட்டவை. 650 கிலோ அவற்றுக்கு ஒரு பாரமே அல்ல. அவற்றில் எக்ஸோஸ்ட் பிரேக் உண்டு. கைப்பிடியை இழுத்தவுடன் புகைக்குழாய் அடைபட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். லுணுகலை இறக்கத்தில் நாங்கள் காலால் பிரேக் மிதிப்பதே குறைவு. செங்கலடித் தம்பி கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ட்ரெயிலரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். காருக்குரிய சாரதி அனுமதிப்பத்திரத்தில் எவ்வளவு பாரமான ட்ரெயிலர் இழுக்கலாம் என்பதற்கும் வரம்பு இருக்கிறது. லொறிக்கு அந்தச் சிக்கல்கள் இல்லை. இலகு லொறிக்குரிய சி1 வகுப்பு அனுமதி உள்ள சாரதியுடன் இரண்டு நாள் வாடகைக்குப் பேசினால் வேலை முடிந்துவிடும். மேலும், கரடியனாறு தாண்டிப் புல்லுமலை, மகா ஓயாப் பக்கத்தில் மாலையானால் யானை வீதிக்கு வரும். லொறியென்றால் நேராகப் பின்னால் எடுக்கலாம். பழக்கமில்லாதவர் ட்ரெயிலரோடு பின்னால் எடுக்கப் பார்த்தால் அது குறுக்கே மடிந்து நிற்கும். நீங்கள் எதில் போனாலும் அந்தப் பகுதியைப் பகலிலேயே கடந்துவிடுங்கள்.

கல்லடி மினி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. லொறியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். காரின் அடிப்பகுதி நிலத்திலிருந்து பத்து சென்ரிமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. லொறித் தட்டோ இடுப்பளவு உயரம். பலகை வைத்து ஏற்றும்போது அடியில் எண்ணெய்ச் சட்டி இடிக்காதா?

ஒலுவில் பொறியியலாளர் எழுதியது:

நிச்சயமாக இடிக்கும். தட்டின் உயரம் 85 சென்ரிமீற்றர் என்றும், பலகையின் நீளம் 3 மீற்றர் என்றும் வைத்தால் சரிவு 16 பாகையைத் தாண்டும். மினியின் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2.03 மீற்றர், பத்து சென்ரிமீற்றர் உயரத்துடன் பலகையும் தட்டும் சந்திக்கும் விளிம்பில் அந்தக் கார் அடி இடிபடாமல் கடக்கக்கூடிய சரிவு மாற்றம் ஏறத்தாழ 11 பாகை மட்டுமே. பலகை 5 மீற்றர் நீளமாக இருந்தால் சரிவு 10 பாகைக்குள் வரும், மயிரிழையில் தப்பலாம். ஆனால் அவ்வளவு நீளமான பலகை நடுவில் வளையும் என்பதால் அதற்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். தாழ்வான ட்ரெயிலருக்கு இந்தச் சிரமம் மிகக் குறைவு என்பதை, அதன் பக்கம் நின்று சொல்லத்தான் வேண்டும்.

அக்கரைப்பற்று லொறி எழுதியது:

பலகையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. நெல் ஆலைகளில் மூட்டை ஏற்றுவதற்கென்று லொறித் தட்டு மட்டத்துக்குக் கட்டிய மேடை இருக்கும். ஒரு பக்கம் சாய்தளமும் உள்ள ஆலையாகப் பாருங்கள். முதலாளியிடம் கேட்டால் அறுவடைக் காலம் அல்லாத நாளில் மறுக்கமாட்டார். சாய்தளத்தில் காரைத் தள்ளி மேடையில் ஏற்றி, இரண்டு குட்டைப் பலகை போட்டு லொறிக்குள் விடலாம். நுவரெலியாப் பக்கத்தில் தேயிலைத் தோட்ட வீதிகளின் ஓரங்களில் மண்மேடுகளுக்குப் பஞ்சமில்லை. லொறியின் பின்பக்கத்தை உறுதியான மேடு ஒன்றில் ஒட்டி நிறுத்தினால் அதே வேலை நடக்கும். பந்தயத்துக்கு முதல்நாள் வெளிச்சம் இருக்கும்போதே அந்த இடத்தைப் பார்த்து வையுங்கள், ஈர மண்ணில் காரை இறக்க வேண்டாம்.

செங்கலடி கராஜ் எழுதியது:

லொறி என்று முடிவானால் நானும் அதையே ஆதரிப்பேன். ஹைலக்ஸ் பெரியப்பாவையும் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வரட்டும். ட்ரெயிலரை அடுத்த வருடத்துக்கு ஆறுதலாகச் செய்துகொள்ளலாம்.

கட்டும் முறையில் மட்டும் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 1964 முதல் 1971 வரை வந்த மினிகள் பலவற்றில் திரவத்தால் இயங்கும் ஹைட்ரோலாஸ்டிக் தொங்கலமைப்பு இருந்தது. உங்களுடையது பந்தயத்துக்காக இறப்பர் கூம்புக்கு மாற்றப்பட்டிருக்கலாம். பெரியப்பாவிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். திரவ அமைப்பு இருந்தால், பட்டியை உடற்பகுதியில் கட்டி இறுக்கினாலும் வண்டி குலுங்கக் குலுங்க அது தளர்ந்துகொண்டே வரும். எப்படியிருந்தாலும் நான்கு சில்லுகளின் மேலாகவே ராச்செட் பட்டி போட்டுத் தட்டின் இரும்பு வளையங்களில் இறுக்குங்கள். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து ஆணியடித்து விடுங்கள். கியரில் விட்டு, கைப்பிரேக்கையும் போடுங்கள். பெற்றோல் தாங்கியில் தேவைக்கு மேல் எதுவும் இருக்க வேண்டாம், மின்கலத்தின் ஒரு முனையைக் கழற்றி வையுங்கள். புறப்பட்டுக் கரடியனாற்றில் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டிகளையும் மீண்டும் இறுக்குங்கள். மலை தொடங்குவதற்கு முன் பிபிலையில் இன்னொரு முறை பாருங்கள். புறப்படுவதற்கு முதல்நாள் செங்கலடிக்குக் கொண்டுவந்தால் பட்டிகளை நானே வந்து பார்த்துத் தருவேன்.